டெல்டாவிலிருந்து மலைக்குப் போகிறவர்களுக்கு: பாதுகாப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் மேடு என்று இருப்பவை ஆற்றங்கரையும் களத்துமேடும்தான். சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் கைக்கு வந்து, பிள்ளைகளின் பரீட்சையும் முடிந்துவிட்டால், நம் ஊர் வேன்கள் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரிசையாகக் கிளம்புகின்றன. ஊர்க்காரர்களின் மலைப் பயணங்களுக்கு ஏற்பாடு செய்து கொடுப்பவன் என்ற முறையில், என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நேரத்தையும் ஒரு நாள் அறை வாடகையையும் மிச்சம் பிடிக்கப் போய்த்தான் நம்மவர்கள் மலையில் ஆபத்தில் சிக்குகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. பல பதில்கள் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்பதைப் பார்ப்பீர்கள்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

மழையை வைத்துச் சொன்னால் பிப்ரவரியிலிருந்து மே நடுப்பகுதி வரை கவலை குறைவு. கோடை மழை திடீரென்று இறங்கும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். அதே வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடு, கொல்லிமலைச் சரிவுகளிலும் பெய்கிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து நம் தென்னந்தோப்புகளை அழித்த கஜா புயல், மேற்கே நகர்ந்து கொடைக்கானல் மலையிலும் மரங்களைச் சாய்த்துச் சாலைகளை அடைத்தது. நாகப்பட்டினத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கும்போது "மலையில் போய் இருந்துவிட்டு வரலாம்" என்று கிளம்புவது சரியான யோசனை அல்ல.

அதைவிடப் பெரிய ஏமாற்றம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. நம் ஊரில் வெயில் காயும். மழை நினைப்பே வராது. கூடலூர், பந்தலூர், வால்பாறை, மூணாறு, வயநாடு ஆகியவற்றுக்கோ அதுதான் உச்ச மழைக்காலம். 2019 ஆகஸ்ட் 8 அன்று நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. தஞ்சாவூரில் ஓராண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 100 செ.மீ. என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவில் மூணாறு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 2024 ஜூலை 30 அன்று பொழுது விடிவதற்குள் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகள் மண்ணுக்குள் போயின.

நம் ஊர்க்காரர்களுக்கு எளிதாக நினைவில் நிற்கும் அடையாளம் ஒன்று உண்டு. காவிரிக்குத் தண்ணீர் குடகிலிருந்தும், கபினி வழியாக வயநாட்டிலிருந்தும் வருகிறது. மேட்டூருக்கு நீர்வரத்து கிடுகிடுவென்று உயர்கிறது என்று செய்தி வந்தால், மேற்கு மலைகளில் மழை கொட்டுகிறது என்று பொருள். அந்த வாரம் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இ-பாஸ் கட்டாயமா?

ஆம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சுற்றுலா வாகனங்கள் இ-பாஸ் எடுத்தே போக வேண்டும். வால்பாறைக்கும் 2025 நவம்பரிலிருந்து இந்த முறை வந்துவிட்டது. தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் உச்சவரம்பு வைத்தார்கள். பாஸ் கிடைத்த பிறகு அறைக்கு முன்பணம் கட்டுங்கள். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்கள் சோதனைச் சாவடியில் பறிபோகும். வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்துச் செல்லுங்கள்.

தெருவில் இருபது பேர் சேர்ந்து வேன் பேசியிருக்கிறோம். இரவு பத்து மணிக்குக் கிளம்பினால் விடியற்காலை போய்ச் சேர்ந்துவிடலாம் அல்லவா?

சேர்ந்துவிடலாம். ஆனால் வண்டி ஓட்டுகிறவரின் இரவு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முகூர்த்த நாளாக இருந்தால், அவர் அன்று காலை நான்கு மணிக்கே எழுந்து கல்யாணக் கூட்டத்தை ஏற்றி இறக்கியிருப்பார். மாலையில் வீட்டுக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டு, இரவு ஒன்பதரைக்கு உங்கள் தெருமுனையில் வந்து நிற்பார். திருச்சி, திண்டுக்கல் தாண்டி வத்தலக்குண்டு வரும்போது மணி மூன்று. மனித உடம்பு தூக்கத்துக்கு மிகவும் ஏங்கும் அந்த நேரத்தில் அவர் மலைப்பாதையில் ஏறத் தொடங்குகிறார். வண்டிக்குள் இருபது பேரும் தூங்குகிறார்கள்.

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961, ஓட்டுநருக்குப் பொதுவாக நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்றும், தொடர்ந்து 5 மணி நேரம் வேலை செய்தால் அரை மணி நேரமாவது ஓய்வு என்றும் சொன்னது. நாம் பேசும் வேன்களில் இதைக் கேட்பவர் எவரும் இல்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும். "அண்ணே, நேற்று எங்கே ஓட்டினீர்கள், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?" என்று முன்பணம் கொடுக்கும்போதே கேளுங்கள். நல்ல ஓட்டுநர் அதற்குக் கோபப்படமாட்டார்.

என் யோசனை இது. இரவு எல்லோரும், ஓட்டுநர் உட்பட, வீட்டில் தூங்குங்கள். காலை நான்கரை, ஐந்து மணிக்குத் தஞ்சாவூரிலிருந்து புறப்பட்டால் பத்து மணி வாக்கில் வத்தலக்குண்டு. அங்கே சாப்பிட்டு, கால் நீட்டி, வண்டியின் டயரையும் பிரேக்கையும் ஒருமுறை பார்த்துவிட்டு ஏறினால் நல்ல வெளிச்சத்திலேயே கொடைக்கானல் போய்விடலாம். ஒரு பகல் போகிறது, உண்மைதான். அந்தப் பகல்தான் மொத்தப் பயணத்திலும் மிகவும் பயனுள்ள செலவு.

இன்னொன்று. விடுதியில் ஓட்டுநருக்குப் படுக்கை இருக்கிறதா என்று விசாரியுங்கள். பல இடங்களில் அவர் வண்டிக்குள்ளேயே சுருண்டு படுக்கிறார். டிசம்பர் ஊட்டியில் புல்லின்மேல் உறைபனி படியும் குளிரில், ஒரு மெல்லிய போர்வையோடு சீட்டில் கிடந்து எழுந்தவர்தான் மறுநாள் உங்களை மலையிறக்கப் போகிறார். அவருக்குக் கட்டிலும் கம்பளியும் வாங்கிக் கொடுப்பது நியாயம். உங்கள் உயிருக்கும் அது காப்பு.

வண்டிக்குள் பாட்டுப் போட்டு எழுந்து ஆடுவதைச் சமவெளியோடு முடித்துக்கொள்ளுங்கள். இருக்கைக்கு மேல் ஆள் ஏற்றாதீர்கள். 2023 செப்டம்பர் 30 அன்று ஊட்டி பார்த்துவிட்டு இறங்கிய தென்காசி மாவட்டச் சுற்றுலா பஸ் ஒன்று குன்னூர் மரப்பாலம் அருகே பள்ளத்தில் உருண்டு 9 பேர் இறந்தார்கள். இறங்கும் பாதையில் கூடுதல் கவனம் வேண்டும் என்பதற்கு அந்த ஒரு செய்தி போதும்.

வேன் வேண்டாம் என்றால் வேறு வழி?

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர், திருச்சி வழியாகக் கோயம்புத்தூர் போகும் செம்மொழி எக்ஸ்பிரஸ் இரவில் ஓடுகிறது. படுத்துத் தூங்கிப் போய், காலையில் அரசு பஸ்ஸில் ஊட்டிக்கு ஏறலாம். தினமும் அதே வளைவுகளில் வண்டி ஓட்டும் கைகள் அந்த பஸ் ஓட்டுநர்களுடையவை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலும் இருக்கிறது, 46 கி.மீ. தூரம், பல்சக்கரத் தண்டவாளம், 2005 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். டிக்கெட் வெகு முன்னதாகவே தீர்ந்துவிடும். முதியவர்களை அழைத்துச் செல்லும் குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

சமவெளியில் பல வருடம் கார் ஓட்டியிருக்கிறேன். மலையில் நானே ஓட்டலாமா?

ஓட்டலாம், இறங்கும் வித்தையைக் கற்றுக்கொண்டு. ஏறுவதில் பெரிய சிக்கல் இல்லை. இன்ஜின் திணறினால் கியரைக் குறைப்பீர்கள். இறங்கும்போதுதான் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் தூரத்துக்கு வண்டி தானாகவே வேகமெடுத்துக்கொண்டே இருக்கும். கும்பகோணம் சாலையில் பழகிய கால் உடனே பிரேக்குக்குப் போகும். அங்கேயே அழுத்தி வைத்திருந்தால் பிரேக் தட்டும் பட்டையும் சூடேறி, பிடிப்பு குறையும். முதலில் ரப்பர் கருகியது போன்ற வாடை வரும். பிறகு பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும். பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவி உண்டாகிவிட்டால், பெடல் தரையைத் தொட்டும் வண்டி நிற்காது. பழைய பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். அது இன்னும் சீக்கிரம் கொதிக்கும். மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள்.

மலை ஓட்டுநர்கள் ஒரே வரியில் சொல்வார்கள்: எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு. இரண்டாவது கியரில் விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை வளைவுக்கு முன்னால் ஒருமுறை அழுத்தி, விட்டுவிடலாம். ஆட்டோமேட்டிக் வண்டியானால் குறைந்த கியர் நிலைக்கு மாற்றுங்கள். எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் உருள விடுவது தற்கொலைக்குச் சமம். வாடை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டி, அரை மணி நேரம் ஆற விடுங்கள். சூடான தட்டின்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, விரிசல் விடும்.

மீறிப் பிரேக் போய்விட்டால் இன்ஜினை அணைக்காதீர்கள், ஸ்டீயரிங் இறுகிவிடும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். பெடலை விட்டு விட்டு மிதியுங்கள். கைப் பிரேக்கை மெதுவாக இழுங்கள். வேறு வழியே இல்லையென்றால் வண்டியை மலைச்சுவர்ப் பக்கம் உரசவிட்டு நிறுத்துங்கள்.

செங்குத்துச் சாலையில் ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை. இறங்குகிறவர் ஒதுங்கி வழிவிட வேண்டும். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது சாலை முழுவதும் அதற்குத் தேவைப்படும். எதிரே பஸ் தெரிந்தால் வளைவுக்கு வெளியிலேயே காத்திருங்கள். கண்ணுக்குத் தெரியாத வளைவில் ஒலி எழுப்புங்கள். கொடைக்கானல் பாதையில் டம்டம் பாறையைப் பார்க்க, போட்டோ எடுக்க என்று வளைவிலேயே வண்டியை நிறுத்துவது நம்மவர்களிடம் பரவலான பழக்கம், தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

மேட்டில் நிறுத்தும்போது கியரில் போட்டு, கைப் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுப் போங்கள். பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரர் அதில் ஏறி விழக்கூடும்.

வரைபடச் செயலி காட்டும் குறுக்குவழியில் போகலாமா?

கூடாது. ஊட்டியிலிருந்து மசினகுடி, மைசூர் பக்கம் போக அது காட்டும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். மிகக் கடுமையான இறக்கம். 2018இல் நடந்த கொடிய விபத்துக்குப் பிறகு வெளியூர்ச் சுற்றுலா வண்டிகள் அதில் இறங்க அனுமதியில்லை. கூடலூர் வழியே போங்கள். முதுமலையைத் தாண்டிப் பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும். 27 வளைவுகள் கொண்ட திம்பம் பாதையிலும் இரவில் தடை உண்டு. மாலையில் அடிவாரம் வந்து சேருபவர் அங்கேயே தங்கும்படி திட்டமிடுங்கள்.

மூடுபனியில் எப்படி ஓட்டுவது?

விளக்கைத் தாழ்த்தி. உயர்த்திப் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். இடப்பக்கத்து வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போங்கள். கோடும் தெரியவில்லையென்றால் சாலையை விட்டு முழுவதுமாக விலகிய ஓரிடத்தில் நிறுத்திக் காத்திருங்கள். மார்கழி விடியலில் நம் வயல்வெளிச் சாலைகளில் ஓட்டிப் பழகியவர்களுக்குப் பனி புதிதல்ல; இங்கே கோட்டுக்கு அந்தப்பக்கம் வயல் இல்லை, பள்ளம் இருக்கிறது.

வளைவுகளில் வாந்தி வருகிறதே?

புறப்படுமுன் இரண்டு இட்லி போதும்; எண்ணெய்ப் பலகாரமும் வெறும் வயிறும் இரண்டுமே ஆகாது. முன் இருக்கையில் உட்கார்ந்து தொலைவில் சாலையைப் பாருங்கள், கைப்பேசியைப் பார்க்காதீர்கள். குமட்டலுக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, ஏறுவதற்கு அரை மணி நேரம் முன் போடலாம். அது தூக்கம் வரவழைக்கும். ஓட்டுகிறவர் போடக் கூடாது.

அப்பாவுக்கு இதய நோய் இருக்கிறது. உயரம் ஒத்துக்கொள்ளுமா?

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். ஆகவே நலமாக இருப்பவர்களுக்குத் தொந்தரவு அரிது. இதய நோய், ஆஸ்துமா, கடும் இரத்தசோகை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். முதல் நாள் ஓய்வு, இரண்டாம் நாள் மெதுவான நடை. மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், வேனின் கூரையில் கட்டிய பெட்டியில் வேண்டாம்.

படிகளில் கவனம். கொல்லிமலை ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்குவது இனிக்கும், குளித்துவிட்டு ஏறும்போதுதான் நெஞ்சு அடைக்கும். அப்பா மேலேயே இருந்து அறப்பளீஸ்வரரைத் தரிசித்துக்கொள்ளட்டும்.

கேதார்நாத் போன்ற யாத்திரை தனிக் கணக்கு. அது 3,580 மீட்டர். வழியில் ஓரிரு நாள் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு ஏற வேண்டும். தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் வந்தால் மேலே போகாமல் இறங்கிவிட வேண்டும். தரிசனத்துக்கு அடுத்த ஆண்டும் வரலாம்.

வெள்ளியங்கிரிக்கு மாலை போட்டிருக்கிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

ஏழு மலை என்பதை உடம்புக்கு முன்பே சொல்லிவையுங்கள். ஏறக்குறைய ஆண்டுதோறும் மூச்சுத்திணறியோ நெஞ்சுவலியாலோ பக்தர்கள் இறந்த செய்தி வருகிறது. இரண்டு மாதம் முன்பிருந்தே தினமும் நடந்து பழகுங்கள். சமவெளியில் படி தேட வேண்டுமானால் திருச்சி மலைக்கோட்டையில் ஏறி இறங்கிப் பாருங்கள். வனத்துறை அனுமதிக்கும் மாதங்களில் மட்டும் போங்கள், தனியாகப் போகாதீர்கள், வழியில் நெஞ்சு இறுகினால் அந்த இடத்திலேயே உட்காருங்கள். இடது தோள், தாடைப் பக்கம் வலி பரவினால் அது களைப்பு அல்ல. உடனே உதவிக்கு ஆள் அனுப்புங்கள். அரைகுறை விரதத்தோடு, இரவு முழுவதும் பயணம் செய்து வந்த களைப்போடு நேராகப் படியேறுவதுதான் நான் பார்த்ததிலேயே மோசமான பழக்கம்.

காவிரியில் நீச்சலடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அருவியில் என்ன பயம்?

அந்தத் துணிச்சலே பயப்பட வேண்டியது. காவிரி மணல் ஆறு. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர நாள் கணக்கில் ஆகும். அதற்குள் ஊரெல்லாம் செய்தி பரவிவிடும். முதல் தண்ணீரை நாம் பூப்போட்டு வரவேற்கிறோம். மலை ஓடையில் அப்படி அவகாசம் கிடையாது. நீங்கள் குளிக்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்க, மேலே காட்டில் பெய்த மழை நிமிடங்களில் வந்து அடிக்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படித் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனை அடித்துச் சென்றது.

கவனிக்க வேண்டியவை: தெளிந்த தண்ணீர் கலங்கத் தொடங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் கனப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் துணியைக்கூட எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். நீரோடு போட்டி போட்டுக் கீழ்நோக்கி ஓடாதீர்கள். அருவிக்குக் கீழுள்ள குளத்தில் தலைகீழாகப் பாயாதீர்கள். பாறை எங்கே என்று உள்ளூர்க்காரருக்கே தெரியாது. வழுக்குப் பாசியில் நம் வெறுங்கால் பழக்கம் உதவாது. சில்லென்ற தண்ணீரில் சட்டென்று இறங்கினால் மூச்சு தானாகவே உள்ளிழுக்கும், அந்த ஒரு நொடியில் நல்ல நீச்சல்காரரும் தண்ணீர் குடித்துவிடுவார். மது குடித்துவிட்டு இறங்குவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பு வைத்துக்கொள்ளலாமா?

வேண்டவே வேண்டாம். இந்தப் பதிலை மட்டுமாவது உடன் வருகிற எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குப் போன திருச்சி நண்பர்களில் இருவர், கறி சுட்ட கரி அடுப்பை அணைக்காமல் அறைக்குள் வைத்துத் தூங்கி, காலையில் எழவில்லை.

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வாயு வெளிவருகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கண் எரியாது, இருமல் வராது. இரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்கிறது. லேசான தலைவலி, குமட்டல், பிறகு சுகமான தூக்கம் போல ஒரு மயக்கம். சாம்பல் பூத்து அணைந்ததுபோல் தெரியும் தணலும் மணிக்கணக்கில் அந்த வாயுவை விட்டுக்கொண்டிருக்கும். நம் வீடுகளில் முற்றமும் திறந்த ஜன்னலும் உண்டு, கரி அடுப்பு வைத்தாலும் புகை போய்விடும். மலையில் குளிருக்குப் பயந்து ஜன்னல், கதவு, கதவடி இடுக்குவரை துணி வைத்து அடைக்கிறோம்.

அடுப்பு வெளியிலேயே இருக்கட்டும். தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் காற்று போக்கி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டு வண்டிக்குள் தூங்குவதும் ஆபத்துதான். இரண்டு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் தலைவலி என்றால் கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே இழுத்துவிட்டு 108ஐ அழையுங்கள்.

யானை, காட்டுமாடு எதிரே வந்தால்?

காட்டுமாட்டைப் பற்றி முதலில் சொல்கிறேன். கொடைக்கானல், குன்னூர் வீதிகளில் அது சாதாரணமாக மேய்ந்துகொண்டு நிற்கும். மாடு வளர்த்த நம் கண்ணுக்கு அது எருமை போலத் தெரியும். "ஹேய்" என்று கையை ஓங்கிக்கொண்டு பக்கத்தில் போய்விடுகிறோம். அது ஒரு டன் எடையைத் தொடக்கூடிய காட்டு விலங்கு. தலையைத் தாழ்த்தி மூச்சு விட்டால் பின்வாங்குங்கள், அது போகும்வரை வேறு வழியில் சுற்றிப் போங்கள்.

யானை சாலையில் நின்றால் தொலைவிலேயே நிறுத்துங்கள். ஒலி எழுப்பாதீர்கள், விளக்கை மினுக்காதீர்கள், இறங்காதீர்கள், இன்ஜினை அணைக்காதீர்கள். அது நெருங்கினால் மெதுவாகப் பின்னால் எடுங்கள். 2025 பிப்ரவரியில் வால்பாறைச் சாலையில் யானை நின்றபோது இருசக்கர வண்டியில் கடந்துபோக முயன்ற ஜெர்மன் நாட்டுப் பயணி ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார். வால்பாறையில் சிறுத்தை குழந்தைகளைக் கவ்விச் சென்ற துயரமும் நடந்திருக்கிறது. பொழுது சாய்ந்த பிறகு பிள்ளைகளைத் தேயிலைச் செடிகளின் பக்கம் விளையாட விடாதீர்கள்.

குரங்குக்கு எதுவும் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழக்கியதால்தான் அது பையைப் பறிக்கிறது. கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

பாறை முனையில் நின்று படம் எடுக்கலாமா?

வேலி இருக்கும் இடத்தில், வேலிக்கு இந்தப்பக்கம் நின்று. டால்பின் நோஸ் போன்ற முனைகளில் பனி மூடினால் விளிம்பு எது, புல் எது என்று தெரியாது.

பிள்ளைகள் காட்டுக்குள் மலையேற்றம் போக ஆசைப்படுகிறார்கள். விடலாமா?

அனுமதியோடு என்றால் விடுங்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். புல் காய்ந்த மாதத்தில் சரிவில் தீ மேல்நோக்கிப் பாயும் வேகத்துக்கு மனிதர் ஓட முடியாது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசே 40 பாதைகளுடன் மலையேற்றத் திட்டம் தொடங்கியிருக்கிறது. இணையத்தில் பதிவு செய்யலாம், பயிற்சி பெற்ற வழிகாட்டி கூடவே வருவார். "அண்ணனுக்குத் தெரிந்த வழி" என்று அழைக்கும் விடுதி ஆட்களோடு அனுப்பாதீர்கள்.

மழையில் மாட்டிக்கொண்டால்?

அறை எடுக்கும்போதே பாருங்கள்: முதுகுக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண்சுவர் இருக்கிறதா, கட்டடம் ஓடைப் படுகையில் நிற்கிறதா. இருந்தால் மழைக்காலத்தில் அங்கே தங்க வேண்டாம். தரையிலோ சுவரிலோ புதிய விரிசல், சாய்ந்து நிற்கும் மரம், ஓடை திடீரென்று வற்றுவது அல்லது சேறாவது, கல் உருளும் ஓசை ஆகியவை மண் நகரும் அடையாளங்கள். பெட்டிமுடியிலும் வயநாட்டிலும் மண் வந்தது இரவில். வெளியேறச் சொன்னால் இருட்டுவதற்குள் வெளியேறுங்கள். சாலையில் மண் விழுந்து வழி அடைபட்டால், அடுத்த சரிவு அதே இடத்தில் வரக்கூடும். வண்டியைப் பின்னால் எடுத்து, அகலமான இடத்தில் நில்லுங்கள், இறங்கி வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள்.

யாரை அழைப்பது?

எந்த அவசரத்துக்கும் 112. ஆம்புலன்ஸ் 108. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. உங்கள் கைப்பேசியில் சிக்னல் இல்லாவிட்டாலும் அருகில் வேறு நிறுவனத்தின் கோபுரம் இருந்தால் 112 போகும். எந்த வளைவு என்று சொல்லத் தெரிய வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் எண் எழுதியிருப்பார்கள், கடக்கும்போது ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டே வரட்டும். வால்பாறையில் பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் ஆழியாறு வரை 40 வளைவுகள் இறங்கிப் பொள்ளாச்சி போக வேண்டும். இந்தத் தூரத்தைக் கணக்கில் வைத்தே முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் அழைத்துச் செல்வதா என்று முடிவு செய்யுங்கள்.

முன்பணம் எல்லாம் கட்டியாயிற்று. கிளம்பும் முன்தினம் மழை எச்சரிக்கை வந்துவிட்டது. என்ன செய்வது?

எச்சரிக்கையின் நிறத்தைப் பாருங்கள். வானிலை ஆய்வு மையக் கணக்கில் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. கனமழை, 12 முதல் 20 மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை; இவற்றுக்குத்தான் பெரும்பாலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வருகிறது. நீங்கள் போகும் மாவட்டத்துக்கு மஞ்சள் என்றால் விடுதிக்குப் பேசி, சாலை நிலவரம் கேட்டு, பகலில் மட்டும் நகரலாம். ஆரஞ்சு என்றால் தேதியைத் தள்ளிவையுங்கள். சிவப்பு என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, ரத்து செய்யுங்கள். பேசிப் பார்த்தால் பல விடுதிகள் வேறு தேதிக்கு மாற்றித் தருகின்றன. அறை எடுக்கும்போதே இதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டால் கடைசி நேர வாக்குவாதம் இருக்காது. வேன்காரருக்கு அந்த நாட்களின் வாடகையில் ஒரு பங்காவது கொடுத்துவிடுங்கள்; அவர் வேறு சவாரியை விட்டுவிட்டு உங்களுக்காகக் காத்திருந்தவர்.